டாக்டர் சொல்லுவாரு

“மூச்ச இழுத்துப் பிடி,” என்றாள் வியாம்.

யுஸ்ரா இழுத்துப் பிடித்தாள். பிடித்ததோடு நிற்காமல் கன்னத்தை உப்பவைத்து, கண்ணை உருட்டி, கரையில் தூக்கிப் போட்ட மீன் மாதிரி ஒரு முகமும் காட்டினாள்.

ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பின்கட்டில் இருந்தது அந்தப் பயிற்சி அறை. ஸ்கேன் படிப்பில் கடைசி வருடத்து மாணவிகள் ஒருத்தி வயிற்றை ஒருத்தி பார்த்துப் பழகுவார்கள். வியாமுக்கு எப்போதும் யுஸ்ராவின் வயிறு, யுஸ்ராவுக்கு வியாமின் வயிறு. இவர்களுடைய வாயை வேறு யாராலும் தாங்க முடியாது.

ஜெல்லைச் சில்லென்று பிதுக்கிவிட்டு மற்றவள் அலறுவதை ரசிப்பது, முடிந்ததும் துடைக்கிற காகிதத்தை மூஞ்சியில் விட்டெறிவது. சேர்ந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

“ஜெர்மன்காரன் எவனுக்காகடி இப்படி இளைக்கிற?” என்று கிண்டலடித்துக்கொண்டேதான் வியாம் ஸ்கேன் கருவியின் ப்ரோப்பை அவளுடைய வலது விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தியிருந்தாள். ஈரல் திரையில் வந்தது.

அதில் வட்ட வட்டமாக ஏதோ இருந்தது.

கை ஆடிவிட்டது போல என்று ப்ரோப்பைச் சாய்த்துப் பார்த்தாள். வட்டங்கள் போகவில்லை. ஓரத்தில் இன்னும் சில வந்து சேர்ந்தன.

போன வாரம் வகுப்பில் லுத்ஃபி சார் ஒரு நோயாளி அம்மாவின் இப்படியொரு படத்தைத்தான் காட்டினார். வேறெங்கோ தொடங்கி ஈரலுக்கு வந்து சேர்ந்த நோய் என்றார். அந்தம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒருத்தி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

கேட்டவள் யுஸ்ராதான்.

வியாமுக்கு முதலில் வந்த நினைப்பு யுஸ்ராவைப் பற்றியது இல்லை. ஜெர்மனியைப் பற்றியது. வருகிற செப்டம்பரில் இருவரும் அங்கே வேலைக்குப் போவதாக இருந்தது. விசா வந்தாகிவிட்டது, இரண்டு பேருக்கும் ஒரே அறை என்று பேசியும் ஆகிவிட்டது. யுஸ்ரா கூட வருகிறாள் என்பதால்தான் வியாமின் அப்பா தலையாட்டினார். தனியாக என்றால் வாசலைத் தாண்ட விடமாட்டார். போச்சே, என் பயணம் போச்சே என்றுதான் நெஞ்சு முதலில் அடித்துக்கொண்டது. நினைத்த மறுகணமே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

புஸ்ஸென்று மூச்சை விட்டாள் யுஸ்ரா. “மூச்ச விடுன்னு சொல்ல மாட்டியாடி? என்னக் கொன்னுட்டு என் பெட்டியையும் சேத்துத் தூக்கிட்டுப் போலாம்னு பாக்குறியா?”

சொல்ல மறந்துதான் போயிருந்தது.

படுத்திருப்பவர்களுக்குத் திரையைப் படிக்கத் தெரியாது, உங்களைத்தான் படிப்பார்கள் என்று லுத்ஃபி சார் அடிக்கடி சொல்வார். அதுவரை சிடுசிடுவென்று இருந்துவிட்டுத் திடீரென்று அன்பாகிவிடாதீர்கள். அதைவிடப் பச்சையாகக் கெட்ட சேதியை யாராலும் சொல்ல முடியாது. என்ன தெரிந்தாலும் ‘டாக்டர் சொல்லுவார்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு வரியைத் தோழிகள் இருவரும் பாடாய்ப் படுத்தி வைத்திருந்தார்கள். நாளைக்குப் பரீட்சை இருக்கா? டாக்டர் சொல்லுவாரு. கான்டீன்ல டூனா ரொட்டி தீந்துபோச்சா? டாக்டர் சொல்லுவாரு.

நல்லவேளை, திரை யுஸ்ராவின் பக்கம் திரும்பியிருக்கவில்லை. வியாம் ப்ரோப்பை எடுத்தாள். திரை கறுத்துப்போனது.

“என்னடி, பையனா பொண்ணா?” ஒவ்வொரு முறையும் யுஸ்ரா கேட்பதுதான்.

“டாக்டர் சொல்லுவாரு,” என்றாள் வியாம்.

குரல் பிசகவில்லை. கொஞ்சம் சலிப்பும் கொஞ்சம் திமிருமாக, எப்போதும் போலவே வந்தது. யுஸ்ரா கடகடவென்று சிரித்தாள். அப்பாடா என்றிருந்தது வியாமுக்கு. சாரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். அதுவரைக்குமாவது இவள் சிரித்துக்கொண்டிருக்கட்டும்.

சிரிப்பு பாதியில் நின்றது.

யுஸ்ரா தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வியாமின் கை, காகிதத்தை நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டு ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தது. விலா ஓரத்தில், தொப்புளைச் சுற்றி, கைக்குழந்தைக்குத் துடைத்துவிடுவது போல மெல்ல மெல்ல. எப்போது ஆரம்பித்தோம் என்று வியாமுக்கே தெரியவில்லை.

கையை நிறுத்தினாள். இப்போதாவது மூஞ்சியில் விட்டெறியலாமா என்றுகூட நினைத்தாள். காகிதம் கையிலேயே இருந்தது.

யுஸ்ரா சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். வகுப்பில் எந்தப் படம் போட்டாலும் முதலில் கண்டுபிடித்துவிடுகிறவள் அவள்தான்.

“ஈரலா?”

வியாம் காகிதத்தை இன்னொரு முறை மடித்தாள். யுஸ்ரா கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“சாப்பாடு எறங்காம ரொம்ப நாளாச்சு. ஜெர்மனி போய்ப் பாத்துக்கலாம்னு இருந்தேன். சொன்னா உங்கப்பா உன்னத் தனியா விடமாட்டாருல்ல, அதான்டி.”