விரல் பொறுக்கும் சூடு

பாலில் விரலை வைத்துப் பார்த்தார். இளஞ்சூடு. சரியாகத்தான் இருந்தது.

பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தயிர். மனைவி கடைசியாக உறை ஊற்றி வைத்தது. கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த உறை; நேற்றைய தயிரில் இன்றைய தயிர் என்று அறுபடாமல் வளர்த்திருந்தாள்.

முற்றிய பிறகே தெரியவந்த ஒரு காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அவள் கைபட்டு அந்த வீட்டில் இன்னும் உயிரோடிருப்பது இது ஒன்றுதான்.

இன்னும் விட்டால் கெட்டுவிடும் என்று அவளுடைய தங்கை சொன்னதால்தான் அடுப்படிக்கு வந்தார்.

ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரிகளை நீராவியில் அவித்தெடுப்பது அவர் வேலை. கொதிநீரில் சாகாத கிருமியும் அவருடைய இயந்திரத்தில் சாகும்.

“ஊர்க் கிருமியெல்லாம் கொல்ற மனுஷன், என் தயிர்ப் பக்கம் வந்துராதீங்க” என்பாள் மனைவி. விரல் பொறுக்கிற சூடுதான் தயிருக்கும் பொறுக்கும் என்பது அவள் கணக்கு.

விரல் பொறுத்தது. கிண்ணத்தை வழித்து முழுவதையும் பாலில் விட்டார். ஒரு கரண்டி போதும் என்று தெரியும். ஆனால் ஒரு துளியும் வீணாக்க மனம் வரவில்லை.

உள்ளே வந்த தங்கை, பாத்திரத்தை நகர்த்தப் போய்க் கையை உதறிக்கொண்டாள்.

“தொடவே முடியல மாமா. இதுலயா ஊத்துனீங்க?”

அவர் மறுபடியும் விரலை விட்டுப் பார்த்தார். இளஞ்சூடுதான்.

அவள் அவர் கையை வெடுக்கென்று வெளியே இழுத்தாள். விரல் நுனி சிவந்துபோயிருந்தது. வலிக்கவில்லை.

கையுறை போட்டால் பிடி நழுவுகிறதென்று, இத்தனை வருஷமும் சுடச்சுடத் தட்டுகளை வெறுங்கையால் எடுத்த விரல்கள். எப்போது மரத்துப்போயின என்று அவருக்கே தெரியாது.

அவள் குழாயைத் திறந்து அந்தக் கையைத் தண்ணீரில் பிடித்தாள். போகட்டும், தயிர்தானே என்றாள்.

அவர் தயிரை நினைக்கவில்லை.

உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது, காய்ச்சலா பாருங்கள் என்று மனைவி கேட்ட அன்று, அவள் நெற்றியிலும் கழுத்திலும் வைத்துப் பார்த்தது இந்தக் கையைத்தான்.

சூடெல்லாம் இல்லை, தூங்கு என்று சொல்லியிருந்தார்.

அவளும் நம்பித் தூங்கினாள்.