ரத்தம் போன தூரம்

பேருந்து நடத்துநர் பிலோமினாவின் ரத்தம் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வாய்ப்பதே அபூர்வமான வகை. கோலாலம்பூரில் பிரசவத்தில் ரத்தம் இழந்து கிடந்த ஒரு பெண்ணுக்கு அந்த வகைதான் வேண்டியிருந்தது. பிலோமினாவின் ரத்தத்தை எடுத்துப் பெட்டியில் வைத்து அனுப்ப அனுமதி வாங்கவே மூன்று நாளாகும் என்றார்கள் ரத்த வங்கியில். அந்தப் பெண்ணால் ஒரு நாள்தான் தாங்க முடியும்.

"பொட்டி எதுக்குங்க? நானே போயிடறேன்," என்ற பிலோமினா, ரோமாபுரி போவதற்காக எடுத்துவைத்திருந்த பாஸ்போர்ட்டோடு மறுநாள் காலை திருச்சியில் விமானம் ஏறினாள்.

இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், நாலு மணி நேரம். கொடுத்த சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். தண்ணீரைக் கேட்டுக் கேட்டுக் குடித்தாள். வலது கையை மட்டும் நிறைகுடம் போல மடியில் அசையாமல் வைத்திருந்தாள்.

"சொந்தக்காரங்களப் பாக்கப் போறீங்களா?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"சொந்தந்தாங்க. பேருதான் இன்னும் தெரியாது."

ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண்ணின் கணவன் காலில் விழ வந்தான்.

"அதுக்கு நேரமில்ல தம்பி. எங்க படுக்கணும், சொல்லு."

ரத்தப் பை நிறைந்து கதவுக்கு அந்தப் பக்கம் போனது. அவன் சுவரோடு சாய்ந்து நின்றான்.

"பொழச்சிருவாளாக்கா?"

பிலோமினா மடக்கிய கையோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"மொதல்ல போய் மொகத்தக் கழுவிச் சவரம் பண்ணிட்டு வா. கண்ணு முழிச்சதும் அவ உன்னத்தான் தேடுவா."