அம்மன் தமிழ் பேசமாட்டாள்

உருமி அவள் வயிற்றுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

கால்கள் தரையில்தான் இருந்தன. தரைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

சாம்பிராணிப் புகையில் முகங்கள் மிதந்தன. சித்தப்பா முகம், மதினி முகம், பெயர் தெரியாத பங்காளிகளின் முகம். கைக்கு வேப்பிலை எப்போது வந்தது? தெரியவில்லை.

அம்மன் இறங்கிவிட்டாள். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

பயம் வேறு.

அந்த அம்மன் தமிழ் பேசமாட்டாள்.

வடக்கேயிருந்து இந்தக் குலத்தோடு நடந்து வந்தவள். கூட நடந்தவர்களின் வாரிசுகள் தமிழில் சண்டை போட்டு, தமிழில் சம்பந்தம் பேசி, இப்போது பேரன் பேத்திகளை இங்கிலீஷில் கொஞ்சுகிறார்கள். இவள் ஒருத்திதான் தெலுங்கை விடவில்லை. பிடிவாதக்காரி. வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனிப் பொங்கல் அன்றைக்கு, நான்குவழிச் சாலையோரத்து இந்தக் கோயிலில் ஆள்மேல் வந்து குறி சொல்வாள். சொல்வது தெலுங்கில்தான்.

போன வருஷம் வரைக்கும் அத்தைமேல் வந்தாள். அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்த வருஷம் வேறு ஆள் கிடைக்காமலோ என்னவோ, கோயம்புத்தூரில் பல் டாக்டராக இருக்கும் இவள்மேல் வந்திருக்கிறாள்.

புகைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆடுறது இருக்கட்டும். வாயத் தொறந்து பேசட்டும். நம்ம பாஷைல பேசுனா அம்மன். இல்லேன்னா மலையேத்தி விட்டுட்டு, குறி கேக்குறத இன்னையோட நிறுத்திக்கிடுவோம்."

வெங்கிடுசாமிப் பெரியப்பா. எண்பதைத் தாண்டியவர். அங்கே தெலுங்கு முழுசாகத் தெரிந்த ஒரே ஆள். தெரிந்து என்ன? எதிரில் நின்று பேசத்தான் யாரும் மிச்சமில்லை.

அவளுக்கு என்ன தெரியும்?

நான்கு வயதில் கான்வென்டில் சேர்த்தார்கள். வீட்டில் இந்தப் பாஷை வேண்டாம், குழந்தை குழம்புகிறது என்று மிஸ் சொன்னார். அன்றைக்கே அம்மா நிறுத்திக்கொண்டாள். நல்லதுக்குத்தான் நிறுத்தினாள். அதற்குப் பிறகு மகள் வளர்ந்தாள், பாஷை வளரவில்லை.

தாமோதரன் முன்னால் வந்து நின்றார். லாரி ஆபீஸ்காரர், பட்டு வேட்டி, கழுத்தில் சங்கிலி. மகன் கோபித்துக்கொண்டு போனவன் போனவன்தான். செல்லை அணைத்து வைத்திருக்கிறான். அன்றிலிருந்து இவர் சரியாகத் தூங்கவில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"அம்மா, பையன்..."

அதற்குமேல் வரவில்லை. கீழ் உதடு நடுங்கியது.

உருமி நின்றது. சாலையில் ஏதோ பஸ் போய் மறைகிற வரைக்கும் எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

தமிழ் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். இங்கிலீஷ் வந்தது. அதையும் விழுங்கினாள். ஒன்றும் இல்லாமல் போய்விட்டால் அம்மன் இந்த மண்ணைவிட்டே போய்விடுவாள். அதுவும் இவளால்.

இன்னும் கீழே இறங்கினாள்.

அங்கே, கான்வென்டுக்கு முந்தின அந்த வயதில், வெளிச்சம் மங்கலாக இருந்தது. யாரோ அவளை விடப் பெரியவர்கள் நடமாடினார்கள். ஈரச் சேலையின் ஓரம் கன்னத்தில் பட்டது. மேலேயிருந்து ஒரு முகம் குனிந்தது. அதன் வாய் அசைந்தது.

"ரா," என்றாள் அவள்.

வா.

தாமோதரன் ஓர் அடி முன்னால் வந்தார். அவர் தாடையைத் தொட்டாள்.

"ஏடவொத்து. நா பங்காரு, ஏடவொத்து."

அழாதே. என் தங்கமே, அழாதே.

பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். லாரி ஆபீஸ்காரரைத் தங்கம் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. அடுத்த கணம் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். தாமோதரன் தேம்பிக்கொண்டிருந்தார்.

மகன் எங்கே, எப்போது வருவான், எந்தத் திசை. அத்தைமேல் வந்தபோதெல்லாம் அம்மன் இதையெல்லாம் சொல்வாள். இவளிடம் அந்தச் சொற்கள் இல்லை. இருந்தது மூன்றோ நான்கோ. அதில் அடுத்ததை எடுத்தாள்.

"பண்டுகோ. நேனுன்னானு."

படுத்துக்கோ. நான் இருக்கிறேன்.

அவர் படுத்தார். அந்தக் கல்தரையில், பொங்கல் பானைகளுக்கும் செருப்பில்லாத அத்தனை கால்களுக்கும் நடுவே, முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் தட்டிக்கொடுத்தாள். தட்டத் தட்ட மூச்சு சீரானது. கொஞ்ச நேரத்தில் மெல்லிய குறட்டை.

கேட்க வந்ததை அவர் கேட்கவே இல்லை.

உருமிக்காரர் குச்சியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். பிறகு எல்லாத் தலைகளும் பெரியப்பா பக்கம் திரும்பின. தீர்ப்பு சொல்ல வேண்டியவர் அவர்தானே.

பெரியப்பா எழுந்தார்.

கூட்டம் வழிவிட்டது. தடியை ஊன்றி ஊன்றி வந்தார். அம்மனா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

தடியைச் சுவரில் சாத்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். சிரமப்பட்டுக் குனிந்து, தாமோதரனுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் படுக்கிற அளவுக்குத் தரையைத் துடைத்தார்.