பிடி தளரும்போது

கள்ளக்குறிச்சிப் பல் ஆஸ்பத்திரி பெஞ்சில், கரும்பு வெட்டிக் காய்ப்பேறிய கையால் மனைவி தைலம்மாளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறான் அம்மாசி. அவளுடைய கண்ணாடி வளையல்கள் சதையில் அழுந்துகின்றன. இதற்கு முன் வந்த இரண்டு முறையும் பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடியவன். பயம் தணிய இன்று முதலிலேயே ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உள்ளே பல் குடையும் மெஷின் கிறீச்சிடுகிறது. "கைய வுட்டுடாத தைலா" என்கிறான், நாக்குக் குழற. சத்தம் மறுபடி எழும்போது அவன் திடுக்கிடவில்லை. பிடி தளர்கிறது, இமைகள் பாதியில் நிற்கின்றன. "யோவ், இன்னாயா? என்னப் பாருய்யா!" என்று பதறுகிறாள் தைலம்மாள். அவன் வெறுமனே சிரிக்கிறான். "மாத்திர வேல செய்யுதுக்கா, அவ்ளோதான்" என்கிறாள் நர்ஸ். தைலம்மாள் அவன் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்க்கிறாள், மூச்சு சுடுகிறது. அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மணிக்கட்டைச் சுற்றி வைத்து அழுத்துகிறாள். அவை நழுவி அவள் மடியில் விழுகின்றன.