பத்து நாள் வெயில்

நரிப்பாறை மலைக்கிராமத்தில், மலையேற வருகிறவர் எந்தப் பருவத்தைக் கேட்டு முன்பதிவு செய்கிறாரோ, அதைத்தான் வானத்தில் போடுவார்கள். ஊர்க்காரர்களுக்குக் கேட்கும் உரிமை கிடையாது. மூன்று வாரமாக வந்தவர்கள் எல்லோரும் மூடுபனியே கேட்டார்கள். வழிகாட்டி சடையாண்டியின் களத்தில் காயப்போட்ட ஒரு வருட விளைச்சல் காபிக்கொட்டை பூசணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

அன்று சென்னையிலிருந்து ஒருவர் அழைத்தார்.

"பனியா, மழையா, எது நல்லாருக்கும்?"

"பத்து நாள் வெயில் போடுங்க சார். அருமையா இருக்கும்."

"வெயிலுக்கு எதுக்குய்யா மலை ஏறணும்? இங்கயே மண்டையப் பொளக்குது."

மனைவி வெள்ளத்தாய் ஈரக்கொட்டையை ஒரு கை அள்ளி அவர் மூக்கருகே நீட்டினாள். சடையாண்டி மூக்கைத் திருப்பிக்கொண்டு பேசினார்.

"இது காபி காயுற சீசன் சார். நீங்களே களத்துல இறங்கிக் காலால கிளறலாம். உடம்புக்கு அவ்வளவு நல்லது."

மறுமுனையில் அவர் வீட்டாரைக் கூப்பிட்டுக் கேட்பது காதில் விழுந்தது.

"குடும்பத்தோட ஆறு பேர் வர்றோம். எல்லாருக்கும் கிளற இடம் இருக்குமா?"

வெள்ளத்தாய் கணவனின் காதில் கிசுகிசுத்தாள்.

"கடைசி நாள் மூட்டை தூக்குறதும் உண்டுன்னு சொல்லுங்க."