அணிலின் மைக்

புளியமரத்து அணிலும் பனிக்கரைப் பென்குயினும் ஆன்லைன் விளையாட்டில் ஒரே அணி. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை இங்கிலீஷ்தான். "கோ", "வெயிட்", "ஹெல்ப்" என்பதைத் தாண்டிப் பேச்சு அவ்வளவாக நகராது.

ஒருநாள் விளையாட்டில் குண்டு பட்டதும், மைக் ஆனில் இருப்பதை மறந்து அணில் "ஐயோ அம்மா!" என்று அலறிவிட்டது. பென்குயின் ஓடிவந்து தூக்கிவிட்டது.

"சாரி, ஹெல்ப்னுதான் கேட்டிருக்கணும்" என்று அணில் அந்த ஓட்டை இங்கிலீஷிலேயே கூச்சப்பட்டுச் சொன்னது.

"ஹெல்ப்னு கேட்டா நடந்து வருவேன்" என்று பென்குயினும் அதே இங்கிலீஷில் திக்கித்திக்கிச் சொன்னது. "இதைக் கேட்டதும் ஓடி வந்துட்டேன்."

அடுத்த ஆட்டத்தில் அணில் எதிரியின் கோட்டை வாசலை எட்டிவிட்டது. இன்னும் ஓரடி வைத்தால் வெற்றி. அப்போது ஹெட்போனில் பென்குயினின் குரல் தட்டுத்தடுமாறிக் கூப்பிட்டது:

"அய்யோ... அம்மா!"

அணில் கோட்டையை விட்டுவிட்டுத் திரும்பி ஓடியது.