ஒரே ஒரு ஃபைல்

ஜாய்சன் லேப்டாப்பைக் காதோடு வைத்துக் கேட்டான். உள்ளே ஹார்ட் டிஸ்க் டக், டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்கு எதிரே மாடியில் இருக்கிறது அவனுடைய சர்வீஸ் கடை. இந்தச் சத்தத்தோடு அங்கே படியேறி வந்த டிஸ்க்குகளில் பிழைத்தவை குறைவு.

“முழுசா பேக்கப் எடுத்துக் குடுங்க சார். ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது,” என்றாள் வேதா. பள்ளிக்கூட டீச்சர். நாற்பதைத் தாண்டியிருக்கும். பேசிவிட்டுத் தொண்டையைத் தடவிக்கொண்டாள்.

ஜாய்சன் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். இன்னும் எவ்வளவு நேரம் ஓடுமோ தெரியாது. ஓடும்போதே எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும்.

திரையில் ஃபைல்களின் பெயர்கள் ஓடத் தொடங்கின.

தண்ணி குடு. மழை வருது துணிய எடு. கேஸ அணைச்சியா. கேம்ப் ரோடு டிக்கெட் ஒண்ணு குடுங்க. சும்மா சிரிப்பு. கோபம் ஒண்ணு. கோபம் ரெண்டு.

எல்லாம் ஒலிப்பதிவுகள். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு.

“ஸ்போக்கன் தமிழ் கிளாஸ் எடுக்கறீங்களா மேடம்?”

“இல்ல சார். வெள்ளிக்கிழமை எனக்கு ஆபரேஷன். கேன்சர். குரல்வளையையே எடுத்துடுவாங்க. அதான் இருபது நாளா பேசிப் பேசி வெச்சிருக்கேன். அப்புறம் போன்ல தட்டினா நானே பேசுவேன்ல?”

மழைக்காலத்துக்கு வடகம் போட்டு வைத்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஜாய்சன் திரையையே பார்த்தான். கல்யாண ஃபோட்டோக்கள், காலேஜ் பிராஜெக்ட்டுகள் என்று எத்தனையோ காப்பாற்றிக் கொடுத்திருக்கிறான். ஒருத்தியின் பேச்சு மொத்தமும் ஒரு சாண் கேபிள் வழியாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதை இப்போதுதான் பார்க்கிறான். கீழே பஸ் ஒன்று தொடர்ந்து ஹாரன் அடித்தது. அந்தச் சத்தமும் உள்ளே கலந்துவிடும் என்பதுபோல எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான்.

தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் நின்றது.

ஒரே ஒரு ஃபைல் வர மறுத்தது.

வேதா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். திரையில் அதன் பெயரைப் படித்தாள்.

“அது வேணும் சார்.” அவ்வளவுதான் குரல் வந்தது.

அவன் மறுபடி முயன்றான். மறுபடியும். டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சர்ச்சிலேகூட வேண்டிக்கொள்ளாத அளவுக்கு வேண்டிக்கொண்டான்.

ஏழாவது முறை பச்சைக் கோடு நிறைந்தது. சற்று நேரத்தில் பழைய டிஸ்க் ஒரேயடியாக அடங்கிப்போனது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அந்த ஃபைலை ஸ்பீக்கரில் போட்டான்.

“சின்மயி... பொண்ணா, பையனா? ஏய், அழாதடி. அதான் அம்மா வந்துட்டேன்ல. குழந்தைய இப்படிக் குடு.”

வேதா கண்களை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், போதும் என்பதுபோலத் தலையாட்டினாள்.

“உங்க பொண்ணா மேடம்?” என்றான் ஜாய்சன். “டெலிவரி எப்போ?”

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா சார். மூணு மணிக்கு ஸ்கூல் விட்டுடும். நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும்.”